சரக்கும் சான்றும்: மூலிகை ஆய்வில் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையின் வரலாறு

நாட்டு மருந்துக் கடையில் ஒரு பெயரைச் சொல்லி வாங்கிய பொட்டலத்தில் அப்பெயருக்குரிய மூலிகைதான் இருக்கிறதா என்னும் ஐயம் தமிழ் மருத்துவத்துக்குப் புதியதன்று. செடி வேரோடும் காயோடும் கண்முன் நிற்கும்போது அதனை அறிந்தவர் அடையாளம் காட்டிவிடுவார். அது உலர்ந்து, நொறுங்கி, இடிபட்டுச் சூரணமாகி உறைக்குள் சென்ற பின்னர் இலையின் வடிவமும் பூவின் அமைப்பும் துணைக்கு வருவதில்லை. மணமும் சுவையும் மட்டுமே எஞ்சுகின்றன. அச்சூரணம் கடல் கடந்து கோலாலம்பூருக்கோ போர்ட் லூயிசுக்கோ டொராண்டோவுக்கோ செல்லும்போது, அச்செடியைத் தம் வாழ்நாளில் கண்டிராத தலைமுறையின் கையில் அது கிடைக்கிறது. அங்கே பெயரைத் தவிர வேறு சான்று இல்லை.

இந்த ஐயத்தைத் தீர்க்க வேதியியல் அளித்த வழிகளுள் மிக எளியதும் மிகக் குறைந்த செலவிலானதும் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையாகும். இதனைத் தூய வேதியியலார் கண்டறிந்து மருந்தியலாருக்கு வழங்கிய கருவியாகவே பாடநூல்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. அதன் வரலாறோ வேறு கதையைச் சொல்கிறது. மருந்துச் சரக்கை இனங்காண வேண்டிய தேவையிலிருந்தே இம்முறை பிறந்தது. அது வளர்ந்த ஒவ்வொரு படியிலும் ஒரு செடியோ ஒரு கனியோ ஓர் இலைச்சாறோ முன்னிற்கிறது. இம்முறைக்குரிய எல்லை ஒன்றும் அதன் பிறப்பிலேயே அமைந்துவிட்டது. இது ஒப்பிட்டுக் காட்டும் முறை. ஒப்பிடுவதற்குரிய மெய்ச்சரக்கு எது என்பதை இது ஒருபோதும் தானாகச் சொல்வதில்லை. அதனைச் சொல்ல வேண்டியவர்கள் தாவரவியலாரும் மருத்துவ மரபறிந்தோரும் பெயர்களின் வரலாற்றை ஆராய்வோருமே ஆவர். தமிழாய்வுக்கும் இம்முறைக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

முறையின் இயல்பு

கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டின்மீது சிலிக்கா ஜெல் போன்ற நுண்பொடி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கனத்தில் சீராகப் பூசப்படுகிறது. மூலிகையை மெத்தனாலிலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து எடுத்த சாற்றில் ஒரு சிறு துளி, தட்டின் அடிப்பகுதியில் புள்ளியாகவோ கோடாகவோ இடப்படுகிறது. அத்துளிக்குக் கீழே நிற்குமளவு கரைப்பான் ஊற்றிய மூடிய கலத்தில் தட்டு நிறுத்தப்படுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலக் கரைப்பான் பொடியின் இடைவெளிகளில் மேலேறும். சாற்றிலுள்ள சேர்மங்களுள் பொடியை இறுகப் பற்றுபவை பின்தங்கும்; கரைப்பானோடு ஒட்டுபவை முன்செல்லும். கரைப்பான் மேல்விளிம்பை நெருங்கும்போது தட்டை எடுத்து உலர்த்தினால், ஒரே துளியாக இருந்த சாறு பல பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். ஒரு சேர்மம் நகர்ந்த தொலைவைக் கரைப்பான் நகர்ந்த தொலைவால் வகுத்துக் கிடைக்கும் எண் ஆர்.எஃப். மதிப்பு எனப்படுகிறது.

இந்த எண்ணை ஆய்வாளர் சிலர் பிறப்புச் சான்றிதழைப் போல மதிப்பதுண்டு. அது பொருந்தாது. காற்றின் ஈரப்பதம், கலத்தில் ஆவி நிறைந்த அளவு, பொடியின் தன்மை ஆகியவற்றால் அது மாறக்கூடியது. எனவே ஐயத்துக்குரிய சரக்கையும் ஐயமற்ற சரக்கையும் ஒரே தட்டில், ஒரே நேரத்தில், அருகருகே ஓடவிட்டுப் பார்ப்பதே இம்முறையின் உயிர். எண்ணைக் காட்டிலும் அருகருகே நிற்கும் இரு பட்டை வரிசைகளே சான்று.

நிறத்திலிருந்து தொடங்கிய பாதை

செருமானிய வேதியியலார் ஃபிரீட்லீப் ரூங்கே (1794–1867) மாணவராக இருந்தபோது பெல்லடோனாச் செடியின் சாறு தெறித்துத் தம் கண்ணின் பாவை விரிந்ததைக் கண்டார். 1819ஆம் ஆண்டில் யேனா நகரில் கவிஞர் கதேயின் முன்னிலையில் ஒரு பூனையின் கண்ணில் அதே விளைவைச் செய்து காட்டினார். மகிழ்ந்த கதே காப்பிக் கொட்டைகளை அளித்து ஆராயச் சொல்ல, அவற்றிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். அதே ரூங்கே முதுமையில், 1850களில், உறிஞ்சுதாளில் வேதிக் கரைசல்களைத் துளித்துளியாக விட்டு அவை வண்ண வளையங்களாகப் பரவுவதைக் காட்டும் நூல்களை வெளியிட்டார். அவற்றில் அவர் கண்டது பெரும்பாலும் அழகையே. பகுப்பாய்வுக்குரிய ஒரு முறை தம் கைக்கு எட்டும் தொலைவில் இருந்ததை அவர் முழுமையாக உணர்ந்தார் எனக் கொள்வது கடினம்.

முறையாக உணர்ந்தவர் உருசியத் தாவரவியலார் மிகயீல் சுவெத் (1872–1919). வார்சாவில் பணியாற்றிய அவர் இலைப் பசுமையின் இயல்பை ஆராய்ந்தார். கண்ணாடிக் குழலில் சுண்ணாம்புப் பொடியை இறுக அடைத்து, இலைச்சாற்றை மேலிருந்து ஊற்றிக் கரைப்பானால் கழுவியபோது, பச்சையும் மஞ்சளுமான வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரிந்தன. 1903இல் வார்சாவில் இதுபற்றி உரையாற்றினார். 1906இல் வெளியிட்ட கட்டுரைகளில் இம்முறைக்கு 'நிறத்தை எழுதுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் குரோமேட்டோகிராபி எனப் பெயரிட்டார். 'சுவெத்' என்னும் உருசியச் சொல்லுக்கும் நிறம் என்பதே பொருள். தம் பெயரையே முறைக்கு மறைமுகமாகச் சூட்டினாரா என்பது பலர் எழுப்பிய கேள்வி.

பச்சையத்தின் ஆய்வில் முன்னணியில் நின்று 1915இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு வில்ஸ்டேட்டர் இம்முறையை ஏற்கவில்லை. பொடியில் ஒட்டும்போது பச்சையம் சிதைந்துவிடும் என ஐயுற்றார். அவரது சொல்லுக்கு இருந்த எடையால் சுவெத்தின் முறை கால் நூற்றாண்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1931இல் ஐடல்பெர்க்கில் ரிச்சர்டு கூன், எட்கர் லெடரர், ஆல்பிரெட்டு வின்டர்ஸ்டைன் ஆகியோர் கரோட்டின்களைப் பிரிக்க அதனை மீட்டெடுத்தனர். அப்போது அவர்களுக்கு வழிகாட்டிய, சுவெத்தின் நூலுக்கான செருமன் மொழிபெயர்ப்பு வில்ஸ்டேட்டரிடமிருந்தே வந்தது என்பது வரலாற்றின் முரண்.

கார்க்கிவ் நகரத்துத் துளிகள்

குழல்முறை மருந்தாய்வுக்கு எளிதில் ஒத்துவரவில்லை. குழலை அடைப்பது பக்குவம் தேவைப்படும் வேலை. சாறு மிகுதியாக வேண்டும். ஒரு மாதிரியைக் கழுவி முடிக்க நெடுநேரமாகும். மூலிகைச் சாறுகளும் டிங்சர்களும் தொடர்ந்து சோதிக்கப்பட வேண்டிய ஆய்வகத்தில் இவை மூன்றும் பெருந்தடை.

அன்றைய சோவியத் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் மருந்தாக்க ஆய்வு நிறுவனத்தில் இத்தடையை எதிர்கொண்டவர்கள் நிக்கோலாய் இசுமாயிலோவும் அவருடன் பணியாற்றிய மரியா சிரைபரும் ஆவர். குழலுக்குள் நிகழ்வது பொடிக்கும் கரைப்பானுக்கும் இடைப்பட்ட போட்டிதான் என்றால், அதற்குக் குழல் ஏன் வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடிச் சில்லின்மீது அலுமினாக் குழம்பை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பினர். அதன் நடுவில் பெல்லடோனா முதலிய மருந்துச்செடிகளின் டிங்சரை ஒரு துளி விட்டனர். அதன்மேல் கரைப்பானைத் துளித்துளியாக விட்டபோது சாறு ஒன்றையொன்று சூழ்ந்த வளையங்களாகப் பரவியது. புற ஊதா ஒளியில் அவ்வளையங்கள் வெவ்வேறு நிறத்தில் ஒளிர்ந்தன. சில நிமிடங்களில் முடிவு கிடைத்தது. தேவைப்பட்டது ஒரு துளிச் சாறு மட்டுமே.

1938இல் 'ஃபார்மட்சியா' என்னும் உருசிய மருந்தியல் இதழில் துளி வண்ணப்பிரிகை என்னும் பெயரில் இது வெளியாயிற்று. மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையின் முதற்கட்டுரை இதுவே என இன்று ஏற்கப்பட்டுள்ளது. அக்கட்டுரையின் நோக்கம் புதிய சேர்மங்களைக் கண்டறிவதன்று. சோதிக்க வந்த டிங்சரின் வளையங்கள், நல்லதென அறிந்த டிங்சரின் வளையங்களோடு ஒத்துள்ளனவா என்று பார்ப்பதே நோக்கம். 'இது அதுதானா' என்னும் கடைச்சரக்கு வினாவைத்தான் அவர்கள் கேட்டனர். வேதிப்பெயர் தெரியாத வளையமும் அவர்களுக்குச் சான்றாயிற்று. அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் போதும். பிற்காலத்தில் மூலிகையின் 'கைரேகை' எனப்பட்ட கருத்தின் வித்து இது.

ரூங்கேயின் பூனைக் கண்ணில் தொடங்கிய பெல்லடோனா இங்கே மீண்டும் தோன்றுவது தற்செயலே. ஆயினும் அத்தற்செயலுக்கு ஓர் அடிப்படை உண்டு. சிறிதளவில் மருந்தாகவும் சற்று மிகுந்தால் நஞ்சாகவும் ஆகும் செடிகளிலேயே அடையாளப் பிழை உயிருக்கு உலை வைக்கிறது. தமிழகத்து ஊமத்தையும் பெல்லடோனாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டிலும் பாவையை விரிக்கும் ஒரே வகை ஆல்கலாய்டுகள் உள்ளன.

உருசிய மொழியில், ஒரு தொழில்சார் இதழில், போருக்குச் சற்று முன்னர் வெளிவந்த அக்கட்டுரை மேலைநாடுகளில் பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1940களில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்டு சிங்கும் வகுத்த பங்கீட்டு முறையும், 1944இல் வந்த தாள் வண்ணப்பிரிகையும் உலகின் கவனத்தை ஈர்த்தன. 1952இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். தாள் இருக்கத் தட்டு எதற்கு என்பதே அன்றைய மனநிலை.

பழச்சாற்றிலிருந்து எண்ணெய்ச் சுரப்பிவரை

தாளால் இயலாத ஒன்றிருந்தது. மணமுள்ள எண்ணெய்களில் உள்ள தெர்ப்பீன்கள் தாளில் ஒழுங்காகப் பிரிவதில்லை. அவற்றை வெளிப்படுத்தத் தேவையான கடும் அமிலங்களைத் தெளித்தால் தாளே கருகிவிடும். கலிபோர்னியாவின் பாசடேனாவில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வகத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை வகைச் சாறுகளின் மணத்தை ஆராய்ந்த ஜஸ்டஸ் கிர்ச்னர் குழுவினர் 1951இல் குறுகிய கண்ணாடிப் பட்டைகளில் மாவுச்சத்தைப் பிணைபொருளாகக் கலந்த சிலிக்காவைப் பூசிக் கரைப்பானைக் கீழிருந்து மேலேற்றினர். வளையம் பட்டையாக மாறியது இங்கேதான். 1954இல் ரீட்செமா அகன்ற தட்டுகளில் புதினா எண்ணெய் முதலியவற்றைப் பிரித்து, பல மாதிரிகளை அருகருகே ஒப்பிடுவதை எளிதாக்கினார்.

இவ்வளவு நிகழ்ந்தும் முறை பரவவில்லை. ஒவ்வோர் ஆய்வகமும் தன் பொடியைத் தானே அரைத்து, தன் தட்டைத் தானே பூச வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கிடைத்த முடிவு மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை. இந்நிலையை மாற்றியவர் செருமனியின் மருந்துச்சரக்கு அறிவியலார் எகோன் ஸ்டால் (1924–1986). செடிகளின் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் உள்ள மிகச் சிறிய அளவு எண்ணெயைப் பகுத்தறிய விரும்பிய அவர், 1956இல் 'மெல்லடுக்கு வண்ணப்பிரிகை' எனப் பொருள்படும் செருமன் சொல்லை ஆண்டு முதற்கட்டுரையை வெளியிட்டார். அதற்கும் வரவேற்பு இல்லை. குறை கருத்தில் இல்லை, கைக்கருவியில்தான் என அவர் உணர்ந்தது அவரது பெருமை. சீரான கனத்தில் பொடியைப் பரப்பும் கருவியை டெசாகா நிறுவனமும், ஜிப்சம் கலந்த ஒரே தரமுள்ள சிலிக்காவை மெர்க் நிறுவனமும் உருவாக்க, 1958இல் இரண்டும் சந்தைக்கு வந்தன. 'கீசல்கெல் ஜி' என்னும் அப்பொடியின் பெயரிலுள்ள 'ஜி' என்னும் எழுத்து ஜிப்சத்தைக் குறிப்பது.

அதன்பின் நிகழ்ந்தது வெள்ளப்பெருக்கு எனலாம். 1962இல் ஸ்டால் பதிப்பித்த கையேடு சில ஆண்டுகளிலேயே ஆங்கிலத்திலும் வந்தது. முறையின் வேதநூலாக ஆய்வகங்களில் அது புரட்டப்பட்டது. கார்க்கிவ் ஆய்வாளர்களின் முதன்மையை ஸ்டால் மறைக்கவில்லை என்பதும் பதிவு செய்யத்தக்கது. 1970களில் இன்னும் நுண்ணிய பொடியும் துளியிடும் இயந்திரங்களும் ஒளியளவீடும் சேர்ந்து உயர்திறன் வடிவம் உருவாயிற்று; அதன் விவரம் இங்குத் தேவையில்லை.

தட்டைப் படித்தல்

ஓடிமுடிந்த தட்டு பகலொளியில் பெரும்பாலும் வெறுமையாகவே தோன்றும். அதனைப் பேசவைக்கத் தனிக்கலை வேண்டும். 254 நானோமீட்டர் ஒளியில், ஒளிரும் பொருள் கலந்த தட்டின் பச்சைப் பின்னணியில் பல சேர்மங்கள் கரிய நிழல்களாகத் தெரியும். 366 நானோமீட்டரில் சில நீலமாகவும் மஞ்சளாகவும் ஒளிரும். சுவெத்தை ஈர்த்த இலைப்பச்சையம் அங்கே செந்நிறத்தில் எரியும். பின்னர்த் தெளிபொருள்கள் வரும். அனிசால்டிஹைடும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைத் தெளித்துச் சூடேற்றினால் தெர்ப்பீன்கள் ஊதாவும் நீலமுமாக மலரும். தோர்பாத் நகரில் பணியாற்றிய கேயோர்க் டிராகெண்டார்ஃப் 1866இல் நஞ்சாய்வுக்காகக் கண்டறிந்த பிசுமத்துக் கரைசல், ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் தட்டுகளில் ஆல்கலாய்டுகளை ஆரஞ்சு நிறத்தில் காட்டும் தெளிபொருளாக மறுபிறவி எடுத்தது.

இந்த நிறங்களைச் சொற்களால் விளக்குவது கடினம். மியூனிக்கின் இல்டபெர்ட் வாக்னரும் சபீன் பிளாட்டும் தொகுத்து, 1984இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தட்டுப்படத் தொகுப்பு நூல் இக்குறையை நீக்கியது. ஒவ்வொரு மூலிகைக்கும் அதன் போலிக்கும் உரிய தட்டுகள் வண்ணப்படங்களாக அதில் அருகருகே வைக்கப்பட்டன. எண்ணெய் வகைகளுக்கு தொலுயீன், எத்தில் அசிடேட் இரண்டையும் 93க்கு 7 என்னும் விகிதத்தில் கலந்த எளிய கரைப்பானைப் பொதுமுறையாகப் பரப்பியதிலும் இந்நூலுக்குப் பங்குண்டு. பழைய நிகண்டுகள் பெயருக்குப் பெயர் தந்தன. இந்நூல் பெயருக்குப் படம் தந்தது.

இந்தியாவில் 1980களின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய ஆயுர்வேத மருந்துநூல் தொகுதிகளில் சரக்குகளுக்கான சோதனைகளுள் தட்டுச் சோதனையும் இடம்பெற்றது. 2008இல் சித்த மருந்துநூலின் முதல் தொகுதி வந்தது. ஆயுர்வேத மருந்துநூலின் வரிகளில் 'சிலிக்கா ஜெல் ஜி' என்னும் தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போர், ஸ்டாலின் ஜிப்சம் இந்திய மருத்துவ மரபின் அரசு ஆவணத்துள் நுழைந்திருப்பதை உணர்வர்.

பிரசெல்சில் நேர்ந்தது

அடையாளப் பிழையின் விலை என்ன என்பதை உலகம் 1990களில் பெல்ஜியத்தில் கண்டது. பிரசெல்சில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைக்காகக் கொடுத்த கலவையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்னும் சீன மூலிகையின் வேர் சேர்க்கப்பட்டது. அதனை உண்ட இளம்பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாயினர். 1993இல் மருத்துவர்கள் இதனை வெளிப்படுத்தினர். பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டனர். அவர்களுள் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரை ஆய்ந்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இருந்தது என 2000இல் அறிக்கை வெளியாயிற்று.

காரணம் ஒரு பெயர். ஸ்டெஃபானியாவின் சீனப் பெயரில் 'ஃபாங்ஜி' என்னும் சொல் வருகிறது. அரிஸ்டோலோக்கியா இனச்செடி ஒன்றின் பெயரிலும் அதே சொல் வருகிறது. வேர்கள் மாறிவிட்டன. முன்னதில் டெட்ராண்ட்ரின் என்னும் ஆல்கலாய்டு உண்டு. டிராகெண்டார்ஃப் கரைசல் அதனை ஆரஞ்சு நிறத்தில் காட்டும். பின்னதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தைச் சிதைப்பது அதுவே. மெய்யான ஸ்டெஃபானியாவை அருகில் வைத்து ஒரே ஒரு தட்டை ஓட்டியிருந்தால், இருக்கவேண்டிய பட்டை இல்லாமையும் இருக்கக்கூடாத பட்டை இருப்பதும் சில மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

தமிழருக்கு இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. சித்த மருத்துவத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தவையே. 2002இல் இவ்வினச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மரபில் உள்ளது என்பதனாலேயே ஒன்றைக் காப்பதும், அயலார் தடுத்தனர் என்பதனாலேயே அதனை மறுப்பதும் ஆய்வாகா. எச்சூரணத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே முதலில் விடை காணவேண்டிய வினா.

கீழாநெல்லி: ஒரு பெயரும் பல செடிகளும்

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த மருத்துவம். இலைக்காம்பின் கீழே வரிசையாகத் தொங்கும் சிறுகாய்கள் நெல்லியை ஒத்திருப்பதால் அமைந்தது அப்பெயர். மலாய் மொழியில் இதே செடிக்குப் 'பிள்ளையைச் சுமத்தல்' எனப் பொருள்படும் 'டுக்கோங் அனாக்' என்று பெயர். காயின் இருப்பிடத்தைக் கண்டே இரு மொழியினரும் பெயரிட்டுள்ளனர். இத்தகைய பெயர் தோற்றத்தைத் தெளிவாகச் சுட்டும். ஆனால் அதே தோற்றமுள்ள எல்லாச் செடிகளையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும்.

மேலைத் தாவரவியலும் இதில் தெளிவாக இருந்ததில்லை. நெடுங்காலம் இந்தியச் செடிக்கு வழங்கிய ஃபில்லாந்தஸ் நிரூரி என்னும் பெயர் உண்மையில் அமெரிக்கச் செடியொன்றுக்கு உரியது என்பது 1950களில் கிரேடி வெப்ஸ்டரின் ஆய்வால் துலங்கியது. இந்தியத் தாவர நூல்கள் நிரூரி என அழைத்தது அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்று சிற்றினங்களின் கலவை என 1985இல் மித்ராவும் ஜெயினும் காட்டினர். இலத்தீன் பெயர் வந்தால் குழப்பம் தீரும் என்னும் நம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பு.

வேதியியல் இதற்கு முன்னரே தன் பணியைத் தொடங்கியிருந்தது. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி (1900–1975) ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து 1946இல் இச்செடியிலிருந்து ஃபில்லாந்தின் என்னும் கசப்புப்பொருளைப் பிரித்தறிந்தார். 1960களில் அதே பல்கலைக்கழகத்தின் எல். ராமச்சந்திர ராவ் குழுவினர் அது லிக்னான் வகையைச் சேர்ந்தது என அதன் அமைப்பை நிறுவினர். அக்கட்டுரைகளின் தலைப்பில் உள்ள பெயர் நிரூரி. 2006இல் லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், மடராஸ்பட்டென்சிஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, ஃபில்லாந்தினும் அதன் துணையான ஹைப்போஃபில்லாந்தினும் அமாரஸில் மட்டுமே காணப்பட்டன. மூன்றாவது செடி தமிழில் மேலாநெல்லி எனத் தனிப்பெயர் பெற்றது. ஆகவே சேஷாத்ரியின் கையிலிருந்த செடி, தலைப்பில் எப்பெயர் இருப்பினும், அமாரஸாகவே இருந்திருக்கும் எனக் கருத வலுவான இடமுண்டு. பெயர் பிழையாயினும் சேர்மம் செடியைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய ஆய்வுரைகளை இவ்வாறு மறுவாசிப்புச் செய்யவும் தட்டு உதவுகிறது என்பது போதிய அளவு உணரப்படாத செய்தி.

சிக்கலின் உச்சம் 1980களில் வந்தது. மஞ்சள்காமாலை பி வைரசைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் வெங்கடேஸ்வரன் முதலியோரும் 1987இல் இச்செடியின் சாறு அவ்வைரசின் நொதி ஒன்றைத் தடுப்பதாக அறிவித்தனர்; அவர்களும் நிரூரி என்றே எழுதினர். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் வைரசை நெடுங்காலம் சுமந்தோர்க்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் பொடியை 30 நாள் கொடுத்து, 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடமும், வெற்றுமருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமும் வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. தமிழ் உலகம் முழுவதும் இச்செய்தி பெருமிதத்தோடு பரவியது. ஆனால் 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் இப்பயன் கிட்டவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2011ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, வெற்றுமருந்தைக் காட்டிலும் ஃபில்லாந்தஸ் பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

இவ்வேறுபாட்டுக்குச் செடி வளர்ந்த நிலமும் பறித்த பருவமும் காரணமாகலாம் எனச் சிலர் கூறினர். கூறுவது எளிது. அதனைச் சோதிக்க வேண்டுமெனில் ஒவ்வோர் ஆய்விலும் நோயாளிகள் உண்ட அதே பொடியின் தட்டுப்படமும், அது எச்செடியிலிருந்து வந்ததோ அச்செடியின் உலர்படியும் பேணப்பட்டிருக்க வேண்டும். தட்டின் எல்லையும் இங்கே புலப்படுகிறது. பொடியில் ஃபில்லாந்தின் உண்டு என அது சொல்லும். ஃபில்லாந்தின்தான் நோயைத் தீர்க்கிறது என அது சொல்லாது. மூலிகை உறைகளில் 'தட்டுச் சோதனையில் உறுதிசெய்யப்பட்டது' என அச்சிடுவோர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

2010இல் வெளியான ஓர் ஆய்வு தென்னிந்தியாவின் 25 கடைகளிலிருந்து ஃபில்லாந்தஸ் சரக்கை வாங்கிச் சோதித்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் இருந்தது அமாரஸே. எஞ்சியவற்றில் டெபிலிஸ், ஃபிரட்டெர்னஸ், யூரினேரியா, மடராஸ்பட்டென்சிஸ், கோழிக்கோடியானஸ் என ஐந்து சிற்றினங்கள் காணப்பட்டன. அவ்வாய்வு மரபணு வரிசையையும் துணைக்கொண்டது. மரபணு செடியின் குலத்தைச் சொல்லும். அது முறையாக உலர்ந்ததா, மருந்துப்பொருள் அதில் எஞ்சியுள்ளதா என்பதைத் தட்டே சொல்லும். ஆகவே புதுமுறை வந்தும் பழைய தட்டு ஆய்வகத்தை விட்டு அகலவில்லை. நான்கில் மூன்று என்னும் அவ்விகிதத்தை வணிகரின் நேர்மைக்குச் சான்றாகவும் கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். கடைக்காரர் ஏமாற்றினார் என்பதைவிட, அவரும் பறித்துத் தந்தவரும் கீழாநெல்லி என்னும் பெயருக்கு உண்மையாகவே நடந்துகொண்டனர் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

டி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதியும் க. ச. முருகேச முதலியாரின் குணபாட மூலிகை வகுப்பும் தமிழ்ப் பெயர்களைத் திரட்டித் தந்துள்ளன. அப்பெயர்கள் எவ்வூரில், எக்காலத்தில், எச்செடிக்கு வழங்கின என்பதை ஒவ்வொன்றாக நிறுவி, அச்செடியின் உலர்படியையும் தட்டுப்படத்தையும் ஒரே எண்ணின்கீழ் சேர்த்துவைக்கும் பணி பெரும்பாலும் இன்னும் செய்யப்படாமலேயே உள்ளது. மலேசியாவின் தோட்டப்புறங்களில் தமிழர் நிலவேம்பு எனவும் மலாயர் 'நிலத்தின் பித்தம்' எனப் பொருள்படும் 'ஹெம்பெடு பூமி' எனவும் ஆளும் செடியிலிருந்தும், கீழாநெல்லி, டுக்கோங் அனாக் ஆகிய இரு பெயர்களுக்குரிய செடிகளிலிருந்தும் இப்பணியைத் தொடங்கலாம். மூன்றுக்கும் ஒப்புநோக்கத் தேவையான ஆண்ட்ரோகிராஃபோலைடும் ஃபில்லாந்தினும் தூய நிலையில் விலைக்குக் கிடைக்கின்றன. பெயரை உறுதிப்படுத்தும் முதியவர்கள்தாம் குறைந்து வருகின்றனர்.